என்ஜிசி 5548: ஸ்விஃப்ட் புறஊதா ஒளி வளைகோட்டில் திடீர்ப் பள்ளங்கள் வருவது ஏன்?

கேள்வி (வடமீன்):

என்ஜிசி 5548 என்ற விண்மீன்திரளை (நடுவே கருந்துளை பொருளை விழுங்கி ஒளிரும் வகை) ஸ்விஃப்ட் விண்தொலைநோக்கி 2014-இல் கண்காணித்த தரவை நாசாவின் ஹீசார்க் காப்பகத்திலிருந்து எடுத்து, அதன் புறஊதா ஏற்ற இறக்கத்தை ஆராய்கிறேன். அதன் யூவிஓடி (புறஊதா, கண்ணுறு ஒளித் தொலைநோக்கி) கருவியின் ஆறு வடிகட்டிகளிலும் (குறுகிய அலைநீளத்திலிருந்து யூவிடபிள்யூ2, யூவிஎம்2, யூவிடபிள்யூ1, U, B, V) 5 ஆர்க்செகண்ட் ஆரமுள்ள வட்டத்தில் ஒளிப்பாயம் அளந்தாகிவிட்டது. கால்டிபி (அளவுத்திருத்தக் கோப்புகள்) புதியது, கோஇன்சிடென்ஸ் இழப்புக்கு (ஒரே பிரேமில் விழும் பல ஒளித்துகள்கள் ஒன்றாக எண்ணப்படுவது) திருத்தமும் உண்டு. மூன்று சிக்கல்கள்:

முதலாவது, யூவிடபிள்யூ2-வில் அங்கங்கே பாயம் 10 சதவீதத்துக்கு மேல் சட்டென விழுகிறது. அரை நாள் கழித்து எடுத்த அடுத்த அளவீட்டில் பழைய நிலைக்கு வந்துவிடுகிறது. அதே நேரங்களில் யூவிஎம்2, யூவிடபிள்யூ1 இரண்டும் விழுகின்றன. V-யில் ஒன்றுமே தெரியவில்லை. மூன்று வடிகட்டிகளும் ஒத்துப்போவதால் இதை மூலத்தின் உண்மையான மாற்றமாகக் கொள்ளலாமா?

இரண்டாவது, மற்ற வடிகட்டிகளின் ஏற்ற இறக்கம் யூவிடபிள்யூ2-வுக்கு எத்தனை நாள் பின்தங்குகிறது என்ற தாமதத்தை அலைநீளத்துக்கு எதிராக வரைந்தால் U மட்டும் கோட்டுக்கு மேலே நிற்கிறது.

மூன்றாவது, இந்திய விண்வெளி ஆய்வகமான ஆஸ்ட்ரோசாட்டின் யூவிஐடி (புறஊதாத் தொலைநோக்கி) தரவைச் சேர்த்தால் குறுங்கால மாற்றங்கள் தெளிவாகுமா?

பதில் (சிறுதுளை):

முதல் கேள்விக்கு மட்டும் சொல்கிறேன். அந்தப் பள்ளங்கள் பெரும்பாலும் டிடெக்டரிலிருந்து வருபவை. யூவிஓடி டிடெக்டரில் உணர்திறன் குறைந்த சிறு திட்டுகள் இருக்கின்றன. ஸ்விஃப்ட் ஒவ்வொரு முறை திரும்பும்போதும் இலக்கு அதே பிக்செலில் விழாது. குறிவைப்பு சில ஆர்க்மினிட் நகரும், சுழல்கோணமும் நாளுக்கு நாள் மாறும். இலக்கு ஒரு திட்டின் மேல் விழுந்த அன்று பாயம் குறைகிறது. அடுத்த முறை தள்ளி விழுந்ததும் சரியாகிவிடுகிறது.

மூன்று வடிகட்டிகள் ஒத்துப்போவதைச் சான்றாக எடுத்துக்கொள்ளவே கூடாது. ஒரே வருகையில் வடிகட்டிகள் அடுத்தடுத்து மாறினாலும் இலக்கு டிடெக்டரில் ஏறக்குறைய ஒரே இடத்தில்தான் இருக்கும். அதனால் திட்டின் மேல் விழுந்தால் எல்லா புறஊதா வடிகட்டிகளும் சேர்ந்தே விழுந்தாக வேண்டும். திட்டுகளின் பாதிப்பு குறுகிய அலைநீளத்தில் கூடுதல், U-வில் குறைவு, V-யில் கண்ணுக்கே தெரியாத அளவு. கருந்துளையைச் சுற்றும் வாயு வட்டின் உள்பகுதி அதிகம் மாறினால் என்ன தெரியுமோ, அதே சாயல்தான் இதற்கும் இருக்கும். குழப்பம் அங்கேதான் பிறக்கிறது.

சோதிக்கும் வழி:

ஒவ்வொரு புள்ளிக்கும் அதன் முன்புள்ளியையும் பின்புள்ளியையும் நேர்கோட்டால் இணைத்து, அந்தக் கோட்டிலிருந்து விலகலைச் சதவீதத்தில் கணக்கிடுங்கள். பிறகு விலகல்களின் பரவலை வரையுங்கள். வெறும் இரைச்சல் என்றால் இரு பக்கமும் சமமாக இருக்கும். திட்டுகள் இருந்தால் எதிர்மறைப் பக்கம் மட்டும் நீண்ட வால் தெரியும். ஒரு பள்ளம் தன் அண்டைப் புள்ளிகளின் விலகலையும் மேலே தள்ளும். ஆகவே மோசமான புள்ளியை முதலில் நீக்கி, கணக்கை மறுபடி ஓட்டுங்கள். அடுத்து, ஒவ்வொரு படத்திலும் இலக்கின் வான ஆயங்களை ஆட்டிட்யூட் கோப்பின் (விண்கலம் எந்தப் பக்கம் நோக்கியது என்ற பதிவு) உதவியோடு டிடெக்டர் ஆயங்களாக மாற்றி, விலகலை நிறமாகக் காட்டி வரையுங்கள். ஆழமான பள்ளங்கள் டிடெக்டரில் ஒருசில இடங்களில் கொத்தாகக் குவிந்தால் சந்தேகமே வேண்டாம்.

இதற்கான திட்டு வரைபடக் கோப்புகள் ஹீசார்க்கில் கிடைக்கின்றன. யூவிஓடிசோர்ஸ் என்ற அளவீட்டு நிரலை ஓட்டும்போது எல்எஸ்எஸ்ஃபைல் என்ற இடத்தில் அதைக் கொடுத்தால், திட்டில் விழுந்த அளவீடுகளை அடையாளம் காணலாம். அவற்றைத் திருத்த முயலாமல் நீக்கிவிடுங்கள். திட்டின் விளிம்பில் எவ்வளவு இழப்பு என்பது ஒரு பிக்செலுக்கு ஒரு பிக்செல் மாறும். ஒற்றைத் திருத்த எண் அங்கே நிற்காது.

இந்தச் சோதனைக்கு முன் இன்னொன்றையும் பாருங்கள். வருகைக்குள் பல எக்ஸ்டென்ஷன்கள் (ஒரே கோப்பிலுள்ள தனித்தனிப் படங்கள்) இருந்தால், யூவிஓடிஇம்சம் நிரல் கொண்டு கூட்டாமல் தனித்தனியே அளப்பது நல்லது. கோப்பின் தலைப்பகுதியில் ஏஎஸ்பிகார் (வான நிலைத் திருத்தம் நடந்ததா என்பது) என்ற குறிச்சொல் 'டைரக்ட்' என்று இல்லாத படங்களில் விண்மீன்கள் இழுபட்டிருக்கிறதா என்று கண்ணால் பார்த்துவிடுங்கள். இழுபட்ட படத்தில் 5 ஆர்க்செகண்டுக்கு வெளியே ஒளி கசியும். அதுவும் பள்ளமாகத்தான் தெரியும், ஆனால் V-யிலும் தெரியும்.

வடமீன்:

மிக்க நன்றி. ஒரு சந்தேகம். பள்ளம் விழுந்த படங்களில் பக்கத்து ஒப்பீட்டு விண்மீன்களையும் அளந்தேன், அவை மாறவே இல்லை. டிடெக்டர் பிழை என்றால் அவையும் குறைய வேண்டாமா?

சிறுதுளை:

குறையாது. திட்டு சிறியது, 3 ஆர்க்மினிட் தள்ளி இருக்கும் விண்மீன் அதன்மேல் விழாது. ஒப்பீட்டு விண்மீன் உறுதிசெய்வது ஒட்டுமொத்தப் படத்தின் நிலையை மட்டுமே: திறப்பு நேரம், உணர்திறன் சரிவு, இழுபடல் போன்றவை. திட்டைப் பிடிக்க வேண்டுமென்றால் வேறு நாள்களின் படங்களில் அதே டிடெக்டர் இடத்தில் விழுந்த விண்மீன்களைத் தேடுங்கள். அவையும் அங்கே மங்கினால் முடிந்தது விஷயம்.

பதில் (காலப்பொதி):

இரண்டாவது கேள்விக்கு வருகிறேன், ஆனால் முதல் கேள்வியைத் தீர்க்காமல் இதைத் தொடாதீர்கள். பொதுவான பள்ளங்கள் எல்லா புறஊதா வடிகட்டிகளிலும் ஒரே நேரத்தில் விழுவதால், குறுக்குத் தொடர்புச் சார்பில் (ஒரு வளைகோட்டை நகர்த்தி மற்றொன்றோடு எவ்வளவு ஒத்துப்போகிறது என்று பார்ப்பது) பூஜ்ய தாமதத்தில் ஒரு போலி உச்சம் சேரும். யூவிடபிள்யூ2-க்கும் யூவிஎம்2-க்கும் இடையிலான உண்மையான தாமதம் அரை நாளுக்கும் குறைவு. அங்கே இந்தப் போலி இழுப்பு விடையையே மாற்றிவிடும்.

நீக்கிய பிறகு: யூவிடபிள்யூ2-வை அடிப்படையாக வைத்து இடைச்செருகல் குறுக்குத் தொடர்பு ஓட்டுங்கள். பைசிசிஎஃப் என்ற பைத்தான் நிரல் போதும். தேடும் எல்லை −10 முதல் +10 நாள். உச்சத்தின் 80 சதவீதத்துக்கு மேலுள்ள பகுதியின் மையத்தை எடுங்கள். உச்சப் புள்ளியை மட்டும் நம்பாதீர்கள், அது ஆடும். பிழைக்கு, பாயத்தைக் குலுக்கியும் புள்ளிகளைத் தற்செயலாகத் தேர்ந்தும் ஆயிரக்கணக்கான முறை ஓட்டுங்கள். 2014 கண்காணிப்பு சுமார் 125 நாள், சராசரியாக அரை நாளுக்கு ஒன்று என்பதால் ஒரு நாளுக்குக் கீழான தாமதத்தையும் பேசலாம். மூன்று நாளுக்கு ஒரு புள்ளி மட்டுமே உள்ள பிற ஆண்டுகளின் தரவைச் சேர்த்து 0.4 நாள் தாமதம் என்று சொன்னால் யாரும் ஏற்க மாட்டார்கள். தாமதம் கணிக்கும் ஜாவலின் என்ற இன்னொரு நிரலையும் ஓட்டிப் பாருங்கள். ஆனால் அது தரும் பிழைப்பட்டை பெரும்பாலும் குறுகலாக வரும். ஏற்ற இறக்கத்துக்குத் தணிந்த தற்செயல் நடை என்ற புள்ளியியல் மாதிரி பொருந்தும் என்ற கருதுகோளின் மீது அது நிற்கிறது.

இனி U. அது உங்கள் பிழை அல்ல, இந்த ஆய்வின் சுவையே அங்கேதான் இருக்கிறது. U வடிகட்டியின் மையம் 3465 ஆங்ஸ்ட்ராம். ஹைட்ரஜனின் பால்மர் விளிம்பு 3646-இல். அதற்குக் கீழே, அகல்வரி மண்டலத்து (வேகமாக நகர்ந்து அகன்ற நிறமாலை வரிகளைத் தரும்) வாயு உமிழும் பால்மர் தொடரொளி சேர்கிறது. அந்த வாயு வட்டைவிட வெகு தூரத்தில் இருக்கிறது. 2014-இல் இதே மூலத்தில் ஹைட்ரஜனின் ஹெச்-பீட்டா வரியின் தாமதம் சுமார் 4 நாள். அந்தத் தாமதமான ஒளியின் ஒரு பங்கு U-வில் கலப்பதால் அதன் தாமதம் நீள்கிறது. என்ஜிசி 4593 என்ற இதே வகைத் திரளில் ஹப்பிள் நிறமாலையைக் கொண்டு அலைநீளம் அலைநீளமாகப் பார்த்தபோது இந்த மேடு பால்மர் விளிம்பருகே தெளிவாகவே தெரிந்தது.

மெல்லிய வட்டுக் கோட்பாடு தாமதம் அலைநீளத்தின் 4/3 அடுக்கில் வளரும் என்கிறது. U-வை விட்டுவிட்டு அந்தக் கோட்டைப் பொருத்துங்கள், பிறகு U எவ்வளவு மேலே நிற்கிறது என்று தனியாகச் சொல்லுங்கள். கிடைக்கும் வட்டின் அளவு கோட்பாடு சொல்வதைவிட சுமார் 3 மடங்கு பெரிதாக வரும். அதைப் பார்த்துப் பயப்பட வேண்டாம், 2014 தரவில் எல்லாருக்கும் அப்படித்தான் வந்தது. ஆனால் அதை முழுக்க வட்டின் பெருமையாக எழுதிவிடாதீர்கள். அகல்வரி வாயுவின் பரவிய தொடரொளி U-வில் மட்டும் நிற்பதில்லை. மற்ற வடிகட்டிகளிலும் கொஞ்சம் இருக்கிறது.

கருவைச் சுற்றியுள்ள விண்மீன்திரளின் ஒளி மாறாதது என்பதால் தாமதத்தைக் கெடுக்காது. ஏற்ற இறக்க வீச்சைக் குறைத்துக் காட்டும், V-யில் மிக அதிகமாக. வீச்சுகளை வடிகட்டிக்கு வடிகட்டி ஒப்பிடப் போகிறீர்கள் என்றால் அதைக் கழித்தாக வேண்டும். யூவிடபிள்யூ2, யூவிடபிள்யூ1 இரண்டுக்கும் செம்பக்கக் கசிவு (நீண்ட அலைநீள ஒளியும் உள்ளே வருவது) உண்டு என்பதையும் கணக்கில் கொள்ளுங்கள். யூவிஎம்2 ஓரளவு சுத்தம்.

பதில் (இரவுப்பக்கம்):

யூவிஐடி பற்றிக் கேட்டதற்கு: 2014-க்கு உதவாது, ஆஸ்ட்ரோசாட் ஏவப்பட்டதே 2015 செப்டம்பர் 28-இல்தான். பிந்தைய தரவு வேண்டுமென்றால் இரண்டு விஷயம். அண்மைப் புறஊதாப் பிரிவு 2018 மார்ச்சில் செயலிழந்தது. அதற்குப் பிறகு 1300 முதல் 1800 ஆங்ஸ்ட்ராம் வரையிலான தொலைப் புறஊதா மட்டுமே, ஆகவே நிறத்தை ஒப்பிட ஸ்விஃப்டின் துணை தேவைப்படும். அடுத்தது, ஒவ்வொரு சுற்றிலும் பூமியின் இரவுப் பக்கத்தில் மட்டுமே பார்ப்பதால் சுமார் 97 நிமிடத்துக்கு ஒரு துண்டுதான் கிடைக்கும்.

அதன் பலம் கூர்மை: 1.5 ஆர்க்செகண்டுக்கு அருகே. கருவைச் சுற்றியுள்ள விண்மீன் பிறப்புப் பகுதிகளைப் பிரித்தெடுக்க ஸ்விஃப்டைவிட நல்லது. முழுப் புலத்தில் வினாடிக்கு சுமார் 29 பிரேம் என்பதால் பிரகாசமான சைஃபர்ட்களில் (இவ்வகைத் திரள்கள்) செறிவுத் திருத்தம் அவசியம். நிகழ்வுப் பட்டியலிலிருந்து (ஒவ்வோர் ஒளித்துகளின் பதிவு) ஒளி வளைகோடு எடுக்க கர்விட் என்ற பைத்தான் தொகுப்பு இருக்கிறது.

ஒரே நாளுக்குள் 2 சதவீத மாற்றம் தெரிந்தால், அதே புலத்திலுள்ள ஒரு விண்மீனுக்கும் அதே சுற்றுகளில் வளைகோடு எடுத்துப் பாருங்கள். சுற்றுக்குச் சுற்று இலக்கு டிடெக்டரில் நகர்வதால், தட்டைப்புலத் திருத்தத்தின் (டிடெக்டரின் உணர்திறன் வேறுபாட்டைச் சமன்செய்வது) எச்சமே அந்த அளவுக்கு வரக்கூடும். மேலே சிறுதுளை சொன்ன டிடெக்டர் ஆய வரைபடத்தை இங்கேயும் போடுங்கள்.