ஓய்வுக்காலத்துக்காகப் பங்குச்சந்தையில் இறங்கலாமா? எங்கே தொடங்குவது?

புதுக்கணக்கு:

எல்லோருக்கும் வணக்கம். வயது 36. ஓய்வுக்கால நிதி என்று சம்பளத்தில் ஒரு பகுதியைப் பிடிக்கிறார்கள், அதோடு அலுவலகமும் தன் பங்குக்குக் கொஞ்சம் போடுகிறது. நான் விரும்பினால் இன்னும் கூடுதலாகப் பிடிக்கச் சொல்லலாம், அப்போது அவர்கள் போடுவதும் ஓர் அளவு வரை கூடும். அது போக வங்கியில் வைப்பு நிதி கொஞ்சம் இருக்கிறது. கிரெடிட் கார்டில் ஒரு பழைய பாக்கி மெதுவாகக் குறைந்துகொண்டு வருகிறது. ஐந்து வருடத்துக்குள் வீட்டுக்கு முன்பணம் கட்ட வேண்டும் என்று ஒரு திட்டம்.

கூட வேலை பார்ப்பவர்கள் பேசுவதெல்லாம் பங்கு பற்றித்தான். ஒருவர் மூன்று கம்பெனிப் பெயரைச் சொல்லி கண்ணை மூடிக்கொண்டு வாங்கு என்கிறார், இன்னொருவர் எல்லாம் சூதாட்டம், வைப்பு நிதியை விட்டு நகராதே என்கிறார். இரண்டு பேரும் எவ்வளவு உறுதியாகப் பேசுகிறார்கள் என்றால், யாரை நம்புவது என்றே புரியவில்லை. ஓய்வுக்காலத்துக்கு என்று பங்கில் போடுவது சரியா? சரி என்றால் முதலில் செய்ய வேண்டியது என்ன?

பேரேடு:

பங்கு நல்லதா கெட்டதா என்பதைப் பிறகு பார்ப்போம். முதலில் உங்கள் பணத்தை அது எப்போது தேவைப்படும் என்று தேதி போட்டுப் பிரியுங்கள். பாதிக் குழப்பம் அங்கேயே தீர்ந்துவிடும்.

கார்டு பாக்கிக்கு இன்றைய தேதி. பல நாடுகளில் அதன் வட்டி வருடத்துக்கு 20 சதவீதத்துக்கு மேல். அதை அடைத்தால் அவ்வளவு வட்டி நிச்சயமாக மிச்சம், எந்தப் பங்கும் இப்படி ஓர் உத்தரவாதம் தராது. அப்புறம் வேலை போனாலோ உடம்புக்கு வந்தாலோ எடுக்க, நான்கைந்து மாதச் செலவுக்கான பணம் வங்கியிலேயே இருக்கட்டும். அது சம்பாதிக்கவில்லையே என்று வருத்தப்படாதீர்கள், அதன் வேலை வேறு. அலுவலகம் கூடுதலாகப் போடத் தயாராக இருக்கும் அளவு வரை நீங்களும் போடுங்கள், அது உங்கள் சம்பளத்தின் ஒரு பகுதிதான், வாங்காமல் விடுவானேன்.

வீட்டு முன்பணத்தைச் சந்தைப் பக்கமே கொண்டு போகாதீர்கள். அமெரிக்காவின் சுமார் 500 பெரிய கம்பெனிப் பங்குகளின் போக்கை ஒரே எண்ணாகக் காட்டும் எஸ் அண்ட் பி 500 குறியீடு 2007 அக்டோபர் உச்சத்திலிருந்து 2009 மார்ச்சுக்குள் 57 சதவீதம் விழுந்தது. பழைய உச்சத்தைத் தொட 2013 ஆனது, கம்பெனிகள் லாபத்திலிருந்து பங்குதாரர்களுக்குத் தரும் ஈவுத்தொகையைச் சேர்க்காமல் சொல்கிறேன். அதாவது ஐந்து வருடத்துக்கு மேல். உங்கள் கெடுவும் ஐந்து வருடம்தான்.

ஓய்வுக்காலப் பணத்துக்கு இன்னும் 25 வருடம் இருக்கிறது, அதற்கு இந்தக் கணக்கே தலைகீழ். விலைவாசி வருடத்துக்கு 6 சதவீதம் ஏறினால் 12 வருடத்தில் இரட்டிப்பாகும் (72ஐச் சதவீதத்தால் வகுத்துப் பாருங்கள், தோராயமாக வந்துவிடும்). வைப்பு நிதி வட்டி, அதுவும் வரி போக, அதைவிடக் குறைவாக இருந்தால் பாஸ்புக்கில் தொகை கூடும், அதைக்கொண்டு வாங்கக்கூடியது குறையும். சூதாட்டம் என்று பயமுறுத்தும் நண்பர் இதை மட்டும் சொல்லவே மாட்டார்.

ஒற்றையடி:

பேரேடு சொன்ன வரிசை சரி. நான் எதை வாங்குவது என்பதற்கு வருகிறேன்.

அந்த மூன்று கம்பெனிப் பெயர்களை மறந்துவிடுங்கள். ஹென்ட்ரிக் பெஸ்ஸெம்பைண்டர் என்ற நிதித்துறைப் பேராசிரியர் 1926 முதல் 2016 வரை அமெரிக்கச் சந்தையில் இருந்த பங்குகளை எல்லாம் எடுத்துக் கணக்குப் போட்டார். அவற்றில் பாதிக்கு மேற்பட்டவை, பட்டியலில் இருந்த காலம் முழுவதும் சேர்த்துப் பார்த்தால், ஒரு மாத அரசுக் கடன் பத்திரம் (அரசுக்குக் கடன் கொடுத்து வட்டி வாங்குவது) தந்த வருமானத்தைக்கூடத் தரவில்லை. அரசுப் பத்திரத்தைத் தாண்டிச் சந்தை உருவாக்கிய செல்வம் முழுவதும் சுமார் 4 சதவீதக் கம்பெனிகளால் வந்தது. அந்த 4 சதவீதத்தை முன்கூட்டியே கண்டுபிடிப்பேன் என்பவர் மதிய இடைவேளையில் உங்களிடம் ஏன் பேசிக்கொண்டிருக்கிறார்?

கண்டுபிடிக்க முடியாது என்றால் எல்லாவற்றிலும் கொஞ்சம் கொஞ்சம் வாங்கிவிடுவதுதான் வழி. இண்டெக்ஸ் ஃபண்ட், அதாவது பலரின் பணத்தைச் சேர்த்து ஒரு குறியீட்டைப் பின்பற்றி முதலீடு செய்யும் நிதி, அதைத்தான் செய்கிறது. ஒரு குறியீட்டில் உள்ள பங்குகளை அதே விகிதத்தில் வாங்கி வைத்திருக்கும், எதை விற்கலாம் என்று மேலாளர் யாரும் உட்கார்ந்து யோசிப்பதில்லை, அதனால் செலவும் குறைவு. சாதாரண முதலீட்டாளர்களுக்கான முதல் இண்டெக்ஸ் ஃபண்டை ஜான் போகிள் 1976இல் வான்கார்டு என்ற முதலீட்டு நிறுவனத்தில் தொடங்கியபோது 15 கோடி டாலர் திரட்டப் பார்த்தார்கள், வந்தது 1 கோடியே 13 லட்சம். போகிளின் முட்டாள்தனம் என்றே அதற்குப் பெயர் வைத்துச் சிரித்தார்கள். இன்று அந்த வகை ஃபண்டு இல்லாத பெரிய நிறுவனத்தைத் தேடத்தான் வேண்டும்.

கட்டணத்தைக் கட்டாயம் பாருங்கள், ஏனென்றால் அது பில்லாக வராது, ஃபண்டுக்குள்ளேயே கழிந்துவிடும். 1 லட்சத்தை 30 வருடம் விடுகிறீர்கள், சந்தை வருடத்துக்கு 7 சதவீதம் தருகிறது என்று வைத்துக்கொள்வோம். கட்டணம் 0.2 சதவீதம் என்றால் கடைசியில் 7 லட்சத்து 20 ஆயிரம் அளவுக்கு இருக்கும். 1.5 சதவீதம் என்றால் 5 லட்சத்துக்குக் கொஞ்சம் கீழே. ஒன்றரை என்பது கேட்க எவ்வளவு சின்னதாக இருக்கிறது! இது தெரிந்தால் பாதிப் பேர் ஏஜென்ட்டிடம் கையெழுத்துப் போட மாட்டார்கள்.

எதிர்க்கட்சி:

எல்லோரும் இண்டெக்ஸ் வாங்கிவிட்டுத் தூங்கலாம் என்கிறீர்கள், சரி, ஜப்பானையும் சொல்லுங்கள். அந்நாட்டுப் பங்குக் குறியீடான நிக்கெய் 1989 டிசம்பர் கடைசியில் 38,915இல் நின்றது. அந்த அளவை மறுபடி தாண்டியது 2024 பிப்ரவரியில். முப்பத்து நான்கு வருடம்! நடுவில் 80 சதவீதத்துக்கு மேல் விழுந்திருக்கிறது. நீண்ட காலம் வைத்தால் நிச்சயம் லாபம் என்று எழுதிக் கொடுக்க யாராலும் முடியாது.

ஒற்றையடி:

நியாயமான கேள்வி, மழுப்பவில்லை. ஆனால் அந்த முப்பத்து நான்கு வருடக் கணக்கு, 1989இன் கடைசி நாளில் மொத்தத்தையும் ஒரே நாட்டில் கொட்டிவிட்டு அதற்கப்புறம் ஒரு காசும் போடாதவருக்கு உரியது. மாதாமாதம் போட்டுக்கொண்டே வந்தவர் 15,000இலும் வாங்கியிருப்பார், 8,000இலும் வாங்கியிருப்பார், ஈவுத்தொகை வேறு வந்திருக்கும். இருந்தாலும் உங்கள் எச்சரிக்கை சரிதான். அதனால்தான் சொந்த நாட்டுக் குறியீட்டோடு நிற்காமல், பல நாட்டுப் பங்குகள் உள்ள ஃபண்டிலும் ஒரு பகுதி வைக்கச் சொல்கிறேன், கூடவே கடன் பத்திரமும். நிச்சயம் என்ற சொல்லை நான் எங்கேயும் பயன்படுத்தவில்லை, மேலே போய்ப் பார்த்துக்கொள்ளலாம்.

புதுக்கணக்கு:

மிக்க நன்றி. இன்னும் இரண்டு சந்தேகம். சந்தை இப்போது உச்சத்தில் இருக்கிறது, விழட்டும், அப்புறம் வாங்கு என்கிறார்கள், காத்திருக்கலாமா? இன்னொன்று, எங்கள் கம்பெனிப் பங்கையே ஊழியர்களுக்குத் தள்ளுபடியில் தருகிறார்கள், ஓய்வுக்காலத்துக்கு அதையே சேர்க்கலாமா?

பேரேடு:

காத்திருப்பதில் சிக்கல் என்னவென்றால், விழும்போது வாங்க யாருக்கும் கை வராது. 2020 பிப்ரவரி, மார்ச்சில் எஸ் அண்ட் பி ஒரு மாதத்துக்குச் சற்றுக் கூடுதலான நாட்களில் 34 சதவீதம் விழுந்தது. விழட்டும் என்று காத்திருந்தவர்கள் அப்போது இன்னும் விழட்டும் என்றார்கள். ஆகஸ்டில் பழைய உச்சம் திரும்ப வந்துவிட்டது. மாதம் 1000 என்று வையுங்கள், உங்கள் நாணயம் எதுவோ அது. வருடத்துக்கு 7 சதவீத வளர்ச்சியில் 30 வருடம் போட்டால் சுமார் 12 லட்சத்து 20 ஆயிரம், பத்து வருடம் தள்ளித் தொடங்கி 20 வருடம் போட்டால் 5 லட்சத்து 20 ஆயிரம். பத்து வருடத்தில் நீங்கள் கையிலிருந்து போடாமல் விட்டது 1 லட்சத்து 20 ஆயிரம்தான், இழப்போ 7 லட்சம். 7 சதவீதம் நேர்கோட்டில் வராது, சில வருடம் கழித்தல் குறியோடு வரும், அதையும் மனதில் வையுங்கள். சம்பளத் தேதிக்கு மறுநாள் தானாகக் கழியும்படி வங்கியில் சொல்லிவிட்டால் யோசிக்கவே வேண்டாம்.

கம்பெனிப் பங்கு விஷயத்தில், அமெரிக்காவில் திவாலான எரிசக்தி நிறுவனமான என்ரானை நினைத்துக்கொள்ளுங்கள். 2000இல் சுமார் 90 டாலருக்குப் போன பங்கு 2001 முடிவதற்குள் 1 டாலருக்குக் கீழே வந்தது. ஓய்வுக்காலச் சேமிப்பில் பெரும்பகுதியை அதே பங்கில் வைத்திருந்த ஊழியர்கள் ஏராளம், அவர்களுக்கு வேலையும் சேமிப்பும் ஒன்றாகப் போனது. தள்ளுபடி நன்றாக இருந்தால் வாங்குங்கள், விற்க அனுமதி கிடைத்ததும் விற்று ஃபண்டுக்கு மாற்றுங்கள்.

மாலைநடை:

நான் ஓய்வு பெற்றவன். தம்பி, எல்லோரும் சேர்ப்பதைப் பற்றியே பேசுகிறார்கள், எடுப்பதுதான் கஷ்டமான பாடம்.

கையில் 100 இருக்கிறது, ஒவ்வொரு வருட முடிவிலும் 5 எடுக்கிறீர்கள். முதல் வருடம் 30 சதவீதம் விழுந்து, அடுத்த வருடம் 10 ஏறி, அதற்கடுத்த வருடம் 25 ஏறினால் மூன்றாம் வருட முடிவில் மிஞ்சுவது 78. அதே மூன்று எண்கள் தலைகீழ் வரிசையில் வந்தால் மிஞ்சுவது சுமார் 84. எதுவும் எடுக்காமல் இருந்தால் வரிசை எப்படி இருந்தாலும் ஒரே தொகைதான், போட்டுப் பாருங்கள். ஆக, வேலையை விட்ட முதல் சில வருடங்களில் சந்தை விழுந்தால் அடி பலமாக இருக்கும். அதனால் ஓய்வு நெருங்க நெருங்கப் பங்கின் பகுதியைக் குறைத்து, சில வருடச் செலவுக்கான பணத்தைக் கடன் பத்திரத்திலும் வைப்பு நிதியிலும் வைத்துவிட வேண்டும். ஒரே நாளில் மாற்ற வேண்டாம், பல வருடமாகக் கொஞ்சம் கொஞ்சமாக.

எவ்வளவு சேர்த்தால் போதும் என்பதற்கு 1994இல் வில்லியம் பெங்கன் என்ற நிதி ஆலோசகர் ஓர் அளவு சொன்னார். முதல் வருடம் மொத்தத்தில் 4 சதவீதம் எடுத்து, பிறகு விலைவாசிக்கு ஏற்ப அந்தத் தொகையைக் கூட்டிக்கொண்டே போனால் 30 வருடம் தாங்கும் என்று. வருடச் செலவைப் போல் 25 மடங்கு என்று நினைவில் வைக்கலாம். அது அமெரிக்கச் சந்தையின் பழைய கணக்கை வைத்துச் சொன்னது, விலைவாசி வேகமாக ஏறும் நாட்டில் இருந்தால் அதைவிடக் கூடுதலாகவே சேர்க்கப் பாருங்கள்.

இன்னொன்று, யாரும் எழுதவில்லையே என்று பார்த்தேன். கணக்கு தொடங்கும்போதே நாமினி பெயரைப் பதிவு செய்யுங்கள். கல்யாணம், குழந்தை என்று வந்தால் போய் மாற்றுங்கள், அது தானாக மாறாது. எந்தெந்தக் கணக்கு எங்கே இருக்கிறது என்று ஒரு தாளில் எழுதி வீட்டில் ஒருவரிடம் கொடுத்து வையுங்கள், பாஸ்வேர்டு வேண்டாம், நிறுவனத்தின் பெயரும் கணக்கு எண்ணும் போதும்.