சோயாமீட் பொதியில் குறிப்பு இல்லையென்றால் மரபணு மாற்றமும் இல்லையா?

உப்புவெளி வாசகி:
வணக்கம். வெள்ளிக்கிழமைகளில் எங்கள் வீட்டில் சைவச் சமையல் என்பதால் சோயாமீட் வாரந்தோறும் வாங்குகிறோம். உலகில் விளையும் சோயாவில் பெரும்பகுதி மரபணு மாற்றப்பட்டது என்று வாசித்திருக்கிறேன். ஆனால் திருகோணமலை நகரக் கடைகளில் நான் பார்த்த எந்தப் பொதியிலும் அதைப் பற்றி ஒரு வரியும் இல்லை. குறிப்பு இல்லாததை, மாற்றப்படாத சோயா என்பதற்கான உறுதியாக எடுத்துக்கொள்ளலாமா? பிள்ளைகளுக்குக் கொடுப்பதில் ஆபத்து உண்டா?

நிலாவெளி வாசகர்:
தங்கச்சி, சட்டம் இருக்கிறது. 1980ஆம் ஆண்டின் 26ஆம் இலக்க உணவுச் சட்டத்தின் கீழ் 2006இல் வெளியான ஒழுங்குவிதிகள் 2007 ஜனவரி 1 முதல் நடைமுறையில் உள்ளன. பிரதம உணவு அதிகாரியான சுகாதார சேவைகள் பணிப்பாளர் நாயகத்தின் அனுமதியின்றி மரபணு மாற்றப்பட்ட உணவை இறக்குமதி செய்யவோ விற்கவோ முடியாது. மரபணு மாற்றப்பட்ட கூறு 0.5 வீதத்தைத் தாண்டினால் சுட்டுத்துண்டில் அதைக் குறிப்பிட வேண்டும். ஐரோப்பிய ஒன்றியத்தின் எல்லை 0.9 வீதம், அமெரிக்காவில் 5 வீதம் என்பதை வைத்துப் பார்த்தால் எங்களுடைய விதி கடுமையானதுதான். இருந்தும் கடையில் நிற்கும் ஒருவர் பொதியைப் பார்த்து எதையும் கண்டுபிடிக்க முடியாது, மரபணுக் கூறு உண்டா என்று அறிய ஆய்வுகூடத்தில் பிசிஆர் சோதனை செய்ய வேண்டும். ஆகவே, குறிப்பு இல்லாததை மட்டும் நம்பி உறுதி என்று சொல்ல நான் தயாரில்லை.

கிண்ணியா ஆசிரியை:
பிள்ளைகளைப் பற்றிக் கேட்டதால் எழுதுகிறேன், சகோதரி. சந்தைக்கு வந்துள்ள மரபணு மாற்றப்பட்ட உணவுகள் பாதுகாப்பு மதிப்பீட்டைக் கடந்தவை என்றும், அங்கீகரித்த நாடுகளில் அவற்றை உண்ட மக்களிடம் உடல்நலப் பாதிப்பு காணப்படவில்லை என்றும் உலக சுகாதார நிறுவனம் கூறுகிறது. அதனால் பயப்பட வேண்டாம். ஆனால் பயமில்லை என்பதற்காக அறியும் உரிமையை விட்டுக்கொடுக்கவும் கூடாது. மென்பானங்களில் சீனியின் அளவைக் காட்டும் நிறக் குறியீடு 2016இல் வந்தபோது, சிவப்பு எதைக் குறிக்கிறது என்று வகுப்பில் சொல்லிக்கொடுத்தோம். இப்போது மாணவர்கள் போத்தலைத் திருப்பிப் பார்த்துத்தான் வாங்குகிறார்கள். மரபணு மாற்றம் பற்றி அப்படி யாரும் சொல்லிக்கொடுக்கவில்லை என்பதே என் பெரிய கவலை. சோயா எண்ணெய் இன்னும் சிக்கலானது: சுத்திகரிக்கும்போது மரபணுப் பொருள் ஏறத்தாழ முழுவதும் நீங்கிவிடுவதால் எண்ணெயைச் சோதித்து மூலத்தை அறிவது மிகக் கடினம். ஐரோப்பாவில் அதற்கும் குறிப்பு கட்டாயம் என்பதால், விதை முதல் ஆலை வரை ஆவணங்களைப் பின்தொடர்கிறார்கள்.

மூதூர் வாசகர்:
சீனன்குடாவில் அரைக்கும் கோதுமை மாவையும் இப்படிச் சந்தேகிக்க வேண்டுமா?

நிலாவெளி வாசகர்:
தம்பி, சோயா, சோளம், பருத்தி, கனோலா என்ற எண்ணெய் வித்து ஆகியவையே பெருமளவில் மரபணு மாற்றப்பட்டுப் பயிரிடப்படுகின்றன. கோதுமையில் வறட்சி தாங்கும் ஒரு வகையை ஆர்ஜென்டீனா 2020இல் அங்கீகரித்தது. மற்றபடி அது மிக அரிது. நீங்கள் சோயாவைப் பற்றியே முதலில் கேளுங்கள். பொதியிலுள்ள இறக்குமதியாளரின் முகவரிக்கு, மரபணு மாற்றப்படாதது என்ற சான்றிதழின் பிரதியைக் கேட்டு எழுதி, பதில் வராவிட்டால் அந்தக் கடிதத்தைப் பொதுச் சுகாதாரப் பரிசோதகரிடம் கொடுங்கள்.