தூரத்தை 900-ஆல் வகுத்தால் பயண நேரம் வந்துவிடாது

விமானப் பயணத்துக்குப் புதியவர்கள் டிக்கெட் பார்க்கும்போது பெரும்பாலும் இதைத்தான் செய்கிறார்கள்: இரண்டு விமான நிலையங்களுக்கு இடையே எத்தனை கிலோமீட்டர் என்று தேடி, 900-ஆல் வகுத்துவிடுகிறார்கள். பெரிய ஜெட் விமானங்களின் வேகம் ஏறக்குறைய அதுதான், சரி. ஆனால் இணையம் காட்டும் தூரம், பூமி உருண்டையின் மேல் வரையக்கூடிய மிகக் குறுகிய கோடு. காற்றையும் வான்வெளித் தடைகளையும் பார்த்துத்தான் அன்றன்றைக்கு உண்மையான பாதையை முடிவு செய்கிறார்கள். 2022-ல் ரஷ்ய வான்வெளி மூடப்பட்டதும் ஹெல்சிங்கி–டோக்கியோ பயணம் சுமார் 9 மணி நேரத்திலிருந்து 13 மணி நேரமாகிவிட்டது. ஊர்கள் இரண்டும் இருந்த இடத்திலேயேதான் இருக்கின்றன.

போக ஒரு நேரம், வர ஒரு நேரம் என்றும் இருக்கும். லண்டனிலிருந்து நியூயார்க் போக 8 மணி நேரம் என்றால், திரும்ப 7 போதும். உயரத்தில் மேற்கிலிருந்து கிழக்காக வீசும் காற்று வரும்போது தள்ளிவிடுகிறது, போகும்போது எதிர்க்கிறது.

அதிகம் பேர் தடுக்கி விழுவது கடிகாரத்தில்தான். டிக்கெட்டில் புறப்பாடு அந்த ஊர் நேரம், வருகை இந்த ஊர் நேரம். சிங்கப்பூரில் நள்ளிரவு 12 மணிக்கு ஏறி, அதே தேதியில் காலை 6.40-க்கு நியூயார்க்கில் இறங்குவதாக வைத்துக்கொள்வோம். 6 மணி 40 நிமிடப் பயணமா? இல்லை. கோடையில் நியூயார்க் 12 மணி நேரம் பின்தங்கியிருக்கும். அதையும் கூட்டினால் 18 மணி 40 நிமிடம். குளிர்காலத்தில் வித்தியாசம் 13 ஆகிவிடும். வருகை நேரத்தின் பக்கத்தில் பொடி எழுத்தில் '+1' இருந்தால் மறுநாள் என்று பொருள். அழைக்க வருபவரிடம் தேதியையும் சேர்த்துச் சொல்லுங்கள்.

'டைரக்ட்' என்பதும் 'நான்-ஸ்டாப்' என்பதும் ஒன்றல்ல. டைரக்ட் விமானம் ஒரே எண்ணோடு நடுவில் எங்காவது இறங்கி ஏறலாம்.

அப்புறம் டிரான்சிட், அதாவது நடுவில் விமானம் மாறுவது. என் அம்மா முதல் முறை தனியாக வந்தபோது இடையில் 1 மணி 10 நிமிடம்தான் இருந்தது. மலிவாகக் கிடைத்ததென்று இரண்டையும் தனித்தனி டிக்கெட்டாக நான்தான் எடுத்திருந்தேன். முதல் விமானம் 50 நிமிடம் தாமதம். நான் எழுதிக் கொடுத்த தாளைக் கையில் பிடித்துக்கொண்டு அவர் வாயிலுக்குப் போய்ச் சேர்ந்தபோது கதவு சாத்தியிருந்தது. ஒரே டிக்கெட்டாக இருந்திருந்தால் அடுத்த விமானத்தில் ஏற்றிவிட வேண்டியது விமான நிறுவனத்தின் பொறுப்பு. தனித்தனி என்பதால் புதிதாக வாங்க வேண்டியதாயிற்று. அதிலிருந்து பெரியவர்களுக்கு 3 மணி நேரத்துக்குக் குறைந்த இடைவெளி நான் எடுப்பதே இல்லை. சக்கர நாற்காலி வேண்டுமென்று குறைந்தது 48 மணி நேரம் முன்பே சொல்லியும் வைத்துவிடுவேன். நடக்க முடிந்தவர்களுக்கும் அது நல்லது; கூடவே ஓர் ஆள் வழிகாட்டிக் கூட்டிப்போவார்.

அமெரிக்காவுக்குள் மாறிப் போகிறவர்கள் இன்னொன்றையும் கணக்கில் சேர்க்க வேண்டும். பெரும்பாலும் முதலில் இறங்கும் ஊரிலேயே குடிவரவு முடித்து, பெட்டியை எடுத்து, சுங்கம் தாண்டி மறுபடி போட வேண்டியிருக்கும்.