ஓவர்டிராஃப்ட் வட்டி ஏறிவிட்டது, எதை முதலில் அடைப்பது?

வணக்கம். லண்டனில் இருக்கும் அண்ணாமார், அக்காமாரிடம் ஒரு ஆலோசனை வேண்டும்.

கிரெடிட் கார்டு கடன் இரண்டை மாதாமாதம் கட்டி வருகிறேன். அதனால் கணக்கு எப்போதும் ஆயிரம் பவுண்ட் மைனஸில்தான் நிற்கிறது, அதாவது ஓவர்டிராஃப்டில், இருப்புக்கு மேல் வங்கி எடுக்கவிடும் கடனில். சம்பளம் விழும், வாடகை போகும், திரும்ப மைனஸ். 2020 ஏப்ரலில் பிரிட்டனின் நிதிக் கண்காணிப்பு அமைப்பான எஃப்.சி.ஏ. ஓவர்டிராஃப்டுக்கான நாள் கட்டணத்தைத் தடை செய்ததும் பல வங்கிகள் வட்டியை 40 சதவீதத்துக்குக் கிட்டக் கொண்டுபோயின. என் வங்கியும் இப்போது 39.9க்கு வந்துவிட்டது. மாதம் 28 பவுண்ட் வட்டிக்கே போகிறது, அசல் அசையவில்லை. பிள்ளையின் பஸ் காசு அது.

கார்டு வட்டி 24 சதவீதம்தான். அதற்கு மினிமம் மட்டும் கட்டிவிட்டு ஓவர்டிராஃப்டை முதலில் அடைப்பதுதான் சரியென்று எனக்குப் படுகிறது. அப்படிச் செய்தவர்கள் உண்டா? வட்டியை நிறுத்தித் தவணையாக்கச் சொல்லி வங்கியிடம் கேட்டவர்கள், என்ன சொல்லிக் கேட்டீர்கள்? அதற்கு முன் சம்பளத்தை வேறு வங்கிக்கு மாற்ற வேண்டுமா?

ஸ்டெப்சேஞ்ச் என்ற கடன் ஆலோசனைத் தொண்டு நிறுவனம் மூலம் 60 நாள் 'பிரீத்திங் ஸ்பேஸ்' (கடன்காரர் நெருக்கடியை நிறுத்திவைக்கும் அவகாசம்) எடுத்தவர்களும் சொல்லுங்கள். சீட்டை எடுத்து அடை என்கிறார்கள் வீட்டில். இன்னொரு கடனுக்கு எனக்கு மனமில்லை.