டேட்டா கவர்னன்ஸ்: மையக் குழுவா, துறைகளிடமேவா?

கேள்வி: விற்பனை, கணக்கு, சர்வீஸ் மூன்றிலும் வாடிக்கையாளர் பட்டியல் தனித்தனி. டேட்டா கவர்னன்ஸை, அதாவது தரவுக்கான விதியையும் பொறுப்பையும், யார் கையில் விடலாம்? அதற்கான சாஃப்ட்வேர் டூல் முதலில் வாங்கணுமா?

பதில் 1: டூல் கடைசியில். முதலில் வாடிக்கையாளர் மாஸ்டரை (எல்லாத் துறைக்கும் பொதுவான மூலப் பட்டியல்) மட்டும் எடுங்க. ஜிஎஸ்டி எண்ணின் 15 எழுத்துகளில் 3 முதல் 12 வரை பான். பானை மட்டும் வைத்து இரட்டைப் பதிவுகளை இணைத்தால் ஒரே கம்பெனியின் தமிழ்நாடு, கர்நாடகப் பதிவுகள் ஒன்றாகி, பில்லில் ஐஜிஎஸ்டி (மாநிலம் விட்டு மாநிலம் விற்கும்போது வரும் வரி) தப்பாகும். பான் தாய்ப் பதிவு, ஜிஎஸ்டி எண் கிளைப் பதிவுன்னு வையுங்க.

பதில் 2: விதி மையத்தில், உரிமை துறையில். கிரெடிட் லிமிட்டுக்குக் கணக்குத் துறைத் தலைவர், முகவரிக்கு விற்பனை. ஐடி ஆளை ஓனராகப் போடாதீங்க. எந்த முகவரி சரின்னு அவருக்கு எப்படித் தெரியும்?

பதில் 3: மெயிலில் சுற்றும் எக்ஸல் நகல்களையும் கணக்கெடுங்க, அதிலிருந்தும் வாடிக்கையாளரின் தனிப்பட்ட விவரம் கசியலாம். 2023 தரவுப் பாதுகாப்புச் சட்டத்தில் பாதுகாப்புக் குறைபாட்டுக்கு அபராதம் 250 கோடி ரூபாய் வரை.