மினசோட்டாவுக்குப் புதிதா? கோயில் மண்டபத்து இலவசப் பரிசோதனைக்குப் போங்கள்

"கோயிலில் இலவச சர்க்கரைப் பரிசோதனையாம். அது வசதி இல்லாதவர்களுக்குத்தானே, நாங்கள் போகலாமா அக்கா?" சென்ற மாதம் இங்கே மினியாபொலிஸ் நகருக்கு வந்த தங்கை ஒருத்தி கேட்டிருந்தாள். பலருக்கும் இந்தத் தயக்கம் இருப்பதால் இங்கேயே எழுதுகிறேன்.

போகலாம். கட்டாயம் போங்கள்.

அது தர்ம காரியம் இல்லை. இப்படிப்பட்ட முகாம்களில் சில, மானியப் பணத்தில் நடப்பவை. மினசோட்டாவில் வெள்ளையர்களுக்கும் மற்றவர்களுக்கும் இடையே உடல்நலத்தில் பெரிய இடைவெளி இருந்ததால், 2001-இல் மாநிலச் சட்டமன்றமே ஒரு மானியத் திட்டம் கொண்டுவந்தது. குழந்தை இறப்பிலும் தடுப்பூசியிலும் இருந்த இடைவெளியை 2010-க்குள் பாதியாக்குவது அன்றைய இலக்கு. சர்க்கரை, இதய நோய், மார்பகப் புற்றுநோய்ப் பரிசோதனையும் அதில் உண்டு. பணம் நம் கைக்கு வராது (அதையும் ஒருவர் கேட்டார்!). மாநிலச் சுகாதாரத் துறை அதை உள்ளூர் அமைப்புகளுக்கும் அமெரிக்கப் பூர்வகுடிகளின் அரசுகளுக்கும் தருகிறது.

பணம் வாங்கிய அமைப்பு, அது யாருக்குப் பயன்பட்டது என்று கணக்குக் காட்ட வேண்டும். அதனால் படிவத்தில் 'ஆசியர்' என்று டிக் அடித்துவிட்டு நகராதீர்கள். இந்தியர், இலங்கையர் என்று எழுத இடம் இருந்தால் எழுதுங்கள். மோங் (லாவோஸ் பக்கத்திலிருந்து வந்தவர்கள்), சீனர், நாம் எல்லாரும் ஒரே எண்ணில் கரைந்துபோனால் நம்மவர் சர்க்கரை யார் கண்ணுக்கும் தெரியாது.

என் கதையையே சொல்கிறேன். பார்க்க ஒல்லிதான். "உங்களுக்கு இப்போது டெஸ்ட் தேவையில்லை" என்று டாக்டர் அனுப்பிவிட்டார். ஒரு முகாமில் சும்மா விரலை நீட்டினேன், எண் கூடுதலாக வந்தது. அப்புறம் லேபில் பார்த்தால் சர்க்கரை நோயின் வாசலில் நிற்கிறேன். அமெரிக்க நீரிழிவுச் சங்கம் 2015 முதலே ஆசியர்களுக்கு பிஎம்ஐ (உயரத்துக்கு ஏற்ற எடையா என்று காட்டும் எண்) 25 வரை காத்திருக்காமல் 23-லேயே பரிசோதிக்கச் சொல்கிறது. 160 செ.மீ. உயரத்துக்கு அது சுமார் 59 கிலோ. டாக்டரிடம் இந்த எண்ணை நீங்களே எடுத்துச் சொல்லுங்கள்.

விரல் நுனி ரத்தம் ஒரு முன்னறிவிப்புதான், அடுத்து டாக்டரைப் பார்க்க வேண்டும். காப்பீடு இல்லையா? சமூக நல மருத்துவ மையங்களில் 'ஸ்லைடிங் ஃபீ' என்று கேளுங்கள், வருமானத்தைப் பொறுத்துக் கட்டணம். இந்த மையங்கள் ஏழை மக்களுக்காக 1965-இல் பாஸ்டனில் தொடங்கிய ஏற்பாடு. ஊரிலிருந்து வந்திருக்கும் அப்பா அம்மாவுக்கும் விசாரித்து வையுங்கள். பயணக் காப்பீடு பழைய நோய்க்குப் பெரும்பாலும் கைகொடுக்காது.

இன்னொன்று. பேரப்பிள்ளையை மொழிபெயர்க்க விடாதீர்கள். மத்திய அரசுப் பணம் பெறும் மருத்துவமனைகள் இலவசமாக மொழிபெயர்ப்பாளர் தர வேண்டும் என்பது சட்டம். அப்பாயின்ட்மென்ட் வாங்கும்போதே 'தமிழ்' என்று அழுத்திச் சொல்லுங்கள். என் மாமியாருக்கு போனில் இந்திக்காரர் வந்தார். மாமியாருக்குத் தெரிந்த ஒரே இந்தி வார்த்தை 'அச்சா' (சரி). "நெஞ்சு வலிக்கிறதா?" என்றதற்கும் அதையே சொல்லிவிட்டார், எங்களுக்குத்தான் நெஞ்சு வலித்தது.

சரி, முகாமுக்கு மாத்திரைச் சீட்டுகளை எடுத்துப் போங்கள். எப்போது சாப்பிட்டீர்கள் என்பதை மறைக்காமல் சொல்லுங்கள். சர்க்கரைப் பொங்கல் பரிசோதனை முடிந்த பிறகு.