சீலும் புளூபெர்ரியும்: குளிர் தாங்குவதை எப்படி ஒப்பிடுவது?

கேள்வி:
மாணவர்களுக்கு ஓர் ஒப்பீட்டுப் பயிற்சி தயாரிக்கிறேன். உறைகுளிரில் சீல் (கடல்நாய்) எப்படிப் பிழைக்கிறது, புளூபெர்ரிப் புதர் எப்படிப் பிழைக்கிறது என்பதுதான் தலைப்பு. சீலின் தோலடிக் கொழுப்புக்கு நேராகச் செடியின் பட்டையைப் போடலாமா?

பதில் 1:
பட்டையைப் போடாதீங்க, ஒப்பீடு அங்கேயே தடம் மாறிவிடும். சீல் உடம்புச் சூட்டை 37 டிகிரியை ஒட்டி வைத்திருந்தாக வேண்டும். தண்ணீரோ காற்றைவிட ஏறக்குறைய 25 மடங்கு வேகமாக வெப்பத்தைக் கடத்தும். அதற்குத்தான் அந்தக் கொழுப்பு. கொழுப்பு குறைவான துடுப்பில் தமனியை ஒட்டியே சிரைகள் ஓடுகின்றன. வெளியே போகும் ரத்தத்தின் சூடு, திரும்பி வரும் குளிர்ந்த ரத்தத்துக்கு மாறி உடம்புக்குள்ளேயே வந்துவிடுகிறது. செடிக்குக் காப்பாற்ற வேண்டிய சூடே கிடையாது. இரவுக் காற்று மைனஸ் 20 என்றால் கிளையும் கிட்டத்தட்ட மைனஸ் 20தான்.

பதில் 2:
செடியில் பார்க்க வேண்டியது, பனிக்கட்டி எங்கே உருவாகிறது என்பதை. இலையுதிர்காலத்தில் பகல் குறுகக் குறுகச் செடி குளிருக்குப் பழகுகிறது. தண்டில் செல்லுக்குள் இருக்கும் நீர் வெளியேறி, செல் இடைவெளியில் உறைகிறது. உள்ளே சர்க்கரை செறிந்து உறைநிலை இறங்குகிறது. செல்லுக்குள்ளேயே பனி கட்டினால் சவ்வு கிழியும், செல் செத்துவிடும். உயர்புதர் வகையின் உறங்கும் மொட்டு நடுக்குளிர்காலத்தில் மைனஸ் 25 வரைகூடத் தாங்கும். அதுவே மலர்ந்தபின் மைனஸ் 2லேயே கருகும். மறுநாள் பூவை நெடுக்காகக் கீறிப் பாருங்கள்: இதழ் வெள்ளையாகவே இருக்கும், உள்ளே சூலகம் பழுப்பாகியிருக்கும். குளிர்காலத்தின் பிற்பகுதியில் சில நாள் வெயில் அடித்தாலும் இந்தத் தாங்கும் திறன் சரிந்துவிடும்.

பதில் 3:
அப்படியானால் பூவுக்கு நேராகக் குட்டியை வைக்கலாம். ஹார்ப் சீல் குட்டி பிறக்கும்போது தோலடிக் கொழுப்பு மிகக் குறைவு, வெள்ளை ரோமம்தான் காப்பு. அது நனைந்தால் பயனில்லை. ஏறத்தாழ 12 நாள், பாதியளவு கொழுப்புள்ள பாலைக் குடித்தே அது கொழுப்பு ஏற்றுகிறது.

கேள்வி கேட்டவர்:
நன்றி, பட்டையை எடுத்துவிட்டேன். குட்டிக்கு ஈரம் ஆகாது, சரி. ஆனால் உறைபனி இரவில் பூவுக்குத் தண்ணீர் தெளிக்கிறார்களே?

பதில் 2:
நீர் உறையும்போது கிராமுக்கு 80 கலோரி வெப்பம் வெளியாகும். பூவைக் காப்பது அதுதான், பனிக்கட்டிப் போர்வை அல்ல. ஆகவே தொடர்ந்து புது நீர் விழுந்து உறைந்துகொண்டே இருக்க வேண்டும். காலையில் பனிக்கட்டி தானாக உருகி உதிரும்வரை நிறுத்தாதீர்கள். நடுவில் நின்றால், ஈரம் ஆவியாகும்போது பூவின் சூட்டையே இழுத்துக்கொள்ளும். தெளிக்காமல் விட்டதைவிட மோசம். காற்று பலமாக இருந்தால் ஆரம்பிக்கவே வேண்டாம்.